காய் விற்றவர் சொல்லிக்கொடுத்த சமையல்: உங்களுக்கு யார், எந்தக் காய்?

கரிசல் மருமகள்:

பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். கல்யாணமாகி மதுரைக்கு வந்த முதல் ஐப்பசியில்தான் அதலைக்காயைப் பார்த்தேன். உழவர் சந்தைக்கு வெளியே, சுவரோரம் ஒரு பாட்டி சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கூறு கூறாகப் பச்சைக் காய். பாகற்காய்க் குட்டி மாதிரி இருந்தது, ஆனால் முள் இல்லை. வரிவரியாக, சுண்டுவிரலை விடச் சின்னதாக, ஒரு பக்கம் காம்பு, மறுபக்கம் வால்.

"மிதிபாகலா பாட்டி?"

"அசலூரா தாயி?" என்று சிரித்தார். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார்.

கசக்கும், ஆனால் பாகற்காய்க் கசப்பு வேறு, இது வேறு, வாங்கிப் போய்ப் பார் என்றார். இரண்டு கூறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து நன்றாகக் கழுவி, அப்படியே பாலிதீன் பையில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்தால் பாதிக் காய் வெடித்து, விதை வெளியே தள்ளியிருந்தது. மீதியையும் தூக்கிப் போட மனசு வராமல் தண்ணீர் தெளித்து வதக்கினேன். கசந்த களி. கணவர் ஒன்றும் சொல்லாமல் ரசத்துக்குப் போய்விட்டார். அதுதான் அவர் திட்டுகிற முறை.

அடுத்த வாரம் பாட்டியிடம் போய்ச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "பறிச்ச மறுநாளே சமைச்சிரணும் தாயி. ஈரம் பட்டா வெடிச்சுப் போகும். அதை எதுக்குப் பொட்டிக்குள்ள வச்சே?" அப்புறம் அங்கேயே ஒரு பிடி காயை எடுத்துக் காம்பையும் வாலையும் நகத்தால் கிள்ளிக் காட்டினார். முற்றின காயை நசுக்கிக் காட்டி, இந்த விதை பல்லில் மாட்டும், இதைத் தள்ளிவிடு என்றார். கழுவினால் உடனே துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். கடலெண்ணெய் தாராளமாக. காய்க்குச் சரிபாதி சின்ன வெங்காயம். தண்ணீர் ஒரு சொட்டு கூடாது, மூடி போடக் கூடாது, சின்னத் தீயில் சுருளச் சுருள வதக்கி, கடைசியில்தான் உப்பும் மிளகாய்ப் பொடியும்.

செய்தேன். கெட்டிப் பருப்பு சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். கணவர் கேட்ட ஒரே கேள்வி: "எங்க அம்மாகிட்ட போன்ல கேட்டியா?"

பாட்டி ஏன் சந்தைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார் என்று பிறகு யோசித்தேன். உழவர் சந்தை என்ற ஏற்பாடே 1999-ல் மதுரையில்தான் தொடங்கியது. உள்ளே கடை போட விவசாயி அடையாள அட்டை வேண்டும். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன பயிர் என்று பார்த்துக் கொடுப்பார்கள். அதலையை யார் விதைக்கிறார்கள்? கரிசல் மண்ணுக்குள் கிழங்கு தூங்கிக்கொண்டே இருக்கும், மழை விழுந்ததும் அதுவே கொடி விடும், பருத்திக் காட்டிலும் சோளக் காட்டிலும் படர்ந்து கிடக்கும். பறிக்கத் தெரிந்தவர் பறித்துக்கொள்வார். பயிர் என்று எழுத எதுவும் இல்லை, அதனால் சுவருக்கு வெளியே. பாட்டிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. விடியற்காலை பஸ்ஸில் வந்து எட்டு மணிக்குள் விற்றுவிட்டுப் போய்விடுவார்.

உங்களுக்கும் இப்படிக் காய் விற்றவர் யாராவது சமையல் சொல்லிக்கொடுத்திருந்தால் எழுதுங்களேன். அம்மா, மாமியார் சொன்னது வேண்டாம். அதற்கு முடிவே இருக்காது.

தாமிரபரணிக்காரன்:

அதலைக்காயைச் சொல்லிப் பசியைக் கிளப்பிட்டீங்க. எனக்குச் சிறுகிழங்கு. திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல் படியில் சிறுகிழங்கு இல்லாமல் இருக்காது. ஆனால் சின்ன வயதில் தின்றதோடு சரி, அது அடுப்புக்கு எப்படி வருகிறது என்று பார்த்ததே இல்லை. வேலைக்கு வெளியூர் போய்த் தனியாக இருந்தபோது ஒரு மார்கழிக் கடைசியில் கடையில் சிறுகிழங்கைப் பார்த்து ஆசையில் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். உருளைக்கிழங்கு சீவுகிற பீலரை வைத்து உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். ஒவ்வொன்றும் கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிசு, அதிலும் மேடும் பள்ளமும். சீவி முடித்தால் ஒரு கிலோ அரைக் கிலோ ஆகிவிட்டது. விரலெல்லாம் கறுப்புக் கறை வேறு. மறுநாள் அலுவலகத்தில் மேஜைக்கு அடியிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

லீவுக்கு ஊருக்கு வந்தபோது பாளையங்கோட்டைச் சந்தையில் ஒரு அக்காவிடம் இதைச் சொன்னேன். "பீலரா? எய்யா, சாக்கு இல்லையா உங்க வீட்ல?" என்று பக்கத்துக் கடை அண்ணாச்சியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். முறை இதுதான். கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு மண்ணைக் கழுவ வேண்டும். ஈரத்தோடு கோணிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டிச் சிமெண்டுத் தரையில் வைத்து உருட்டித் தேய்க்க வேண்டும். சாக்கின் சொரசொரப்பே தோலை உரித்துவிடும். பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கத்தி நுனியால் சுரண்டினால் போதும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கறை அவ்வளவாகப் பிடிக்காது. இதையும் அவர்தான் சொன்னார்.

உப்புப் போட்டு வேகவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துப் போட்டு, சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. மசாலா எதுவும் போடாதீங்க. அந்த மண்வாசனைக்காகத்தான் அதைச் சாப்பிடுவது. தை முடிந்தால் அடுத்த மார்கழி வரை கிடைப்பது கஷ்டம்.

ஒத்தை அடுப்பு:

சென்னை, பேச்சிலர் ரூம், ஒரே ஒரு அடுப்பு. பிடிகருணையைச் சேப்பங்கிழங்கு என்று நினைத்து வாங்கினேன். இதற்கு மேல் கதை சொல்ல வேண்டுமா?

சொல்கிறேன். பச்சையாகத் தோல் சீவியதும் கை அரித்தது. சோப்புப் போட்டுக் கழுவினேன். அரைவேக்காட்டில் எடுத்து எண்ணெயில் பொரித்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு துண்டு உள்ளே போனதும் நாக்கிலும் தொண்டையிலும் யாரோ கம்பளிப்பூச்சியை விட்ட மாதிரி. ரூம் நண்பன் தயிர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து அப்படியே குடித்தான். இன்றுவரை அவன் கிழங்கு என்றாலே எழுந்து போய்விடுவான்.

மறுநாள் தள்ளுவண்டி அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாக, "எப்ப வாங்குனே, எப்ப சமைச்சே?" என்றார். அன்றைக்கே என்றேன். "அதான். புதுக் கிழங்குப்பா அது. ஒரு மூலைல போட்டு மறந்துரு. சுருங்கட்டும். அப்புறம் தோலோட, புளித்தண்ணில வேக வை. கத்தி நுழைஞ்சாப் பத்தாது, மசியணும்."

காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு அந்தக் கிழங்குக்குள் ஊசி ஊசியாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசி, தோலில் குத்துகிறது. புளியின் புளிப்பு அந்தக் குத்தலை அடக்குகிறது. வண்டிக்கார அண்ணனுக்கு ஆக்சலேட் தெரியாது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது. இப்போது மாதம் ஒரு தடவை பிடிகருணை மசியல் செய்கிறேன். இஞ்சி, பச்சை மிளகாய், இறக்கிய பிறகு எலுமிச்சை. தோலை வெந்த பிறகுதான் உரிக்கிறேன், அதையும் ஆற விட்டு.

நேரமில்லாதவள்:

எல்லாம் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருத்தர் சாக்கில் போட்டு உருட்டுகிறார், ஒருத்தர் கிழங்கை மறக்கச் சொல்கிறார். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் காலை ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். ஒரு வாழைப்பூவில் கள்ளன், அந்த வேகாத நரம்பை, எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆகிறது. கேரட்டும் பீன்ஸும் பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதையும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும்தானே விளைவிக்கிறார்கள்? அது மட்டும் என்ன அசலூர்க் காயா? நாட்டுக்காய் என்று பெருமை பேசுகிறவர்கள் பொரியலில் போடுகிற மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்ததுதான்.

கரிசல் மருமகள்:

மிளகாய் விஷயத்தில் பதில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் வாரத்தில் நாலு நாள் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ்தான். அதலை ஞாயிற்றுக்கிழமைக் காய். வாழைப்பூவை முந்தின நாள் ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே ஆய்ந்து, நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைத்துவிடுவேன், கறுக்காது. அந்த முக்கால் மணி நேரத்தை நானும் தனியாக ஒதுக்குவதில்லை.

மலையடிவாரம்:

கிருஷ்ணகிரிப் பக்கம் எங்களுக்கு மார்கழி என்றால் அவரைதான், அதாவது பச்சை மொச்சை. உள்ளிருக்கும் கொட்டையை ஊறவைத்துப் பிதுக்கிப் பருப்பை மட்டும் எடுத்துக் குழம்பு வைத்தால் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ராகிக் களிக்கு அதைப் போல ஒன்று கிடையாது.

நான் ஒரு வருஷம் ஐப்பசியிலேயே அவசரப்பட்டுக் காய் வாங்கிவிட்டேன். குழம்பில் வாசமே இல்லை. தேங்காய் போதவில்லை, கசகசா போதவில்லை என்று அதையும் இதையும் அரைத்து ஊற்றி, கடைசியில் அது குருமா ஆகிவிட்டது. தலைச்சுமையாகக் காய் கொண்டுவரும் தாத்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். அவர் ஒரு காயை என் கையில் கொடுத்து, "தேச்சு மோந்து பாரும்மா" என்றார். தேய்த்தேன். ஒன்றும் இல்லை. "இப்ப வாங்காத. பனி எறங்கட்டும், நானே கொண்டாறேன்." விற்க வந்தவர் வாங்காதே என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மார்கழி பாதியில் வந்தார். அதே மாதிரி ஒரு காயைக் கொடுத்தார். தேய்த்ததும் விரலில் பிசுபிசுவென்று எண்ணெய் மாதிரி ஒட்டியது, வாசனை அதிலிருந்துதான் வருகிறது. சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை போகவில்லை. அன்றைக்கு வைத்த குழம்புக்கு வெங்காயம், தக்காளி, கொஞ்சம் மல்லித்தூள் தவிர எதுவும் தேவைப்படவில்லை. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் பிதுக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் பருப்பு துள்ளி ஓடும். பிள்ளைகளை உட்கார வைத்துவிடுங்கள், பாதி அலமாரிக்கு அடியில் போனாலும் வேலை முடிந்துவிடும். நேரமில்லாத சகோதரிக்கு: பிதுக்கியதையே இப்போது சந்தையில் டம்ளரால் அளந்து விற்கிறார்கள்.

காவிரிக்கரை:

சின்னதாக ஒன்று. திருவாதிரைக்கு ஏழுகறிக் கூட்டு செய்ய லிஸ்ட் எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன். வாழைக்காய், பூசணி, பரங்கி, சேனை, அவரை, சர்க்கரைவள்ளி, ஏழாவது மறந்துபோயிற்று. கடைக்காரம்மா லிஸ்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "லிஸ்ட் எதுக்கு? இந்த மாசம் கடையில என்ன கிடக்கோ அதான் ஏழு" என்று ஒரு கைப்பிடி பச்சை மொச்சையை அள்ளிப் பையில் போட்டார். பார்த்தேன். உண்மையிலேயே என் லிஸ்டில் இருந்த எல்லாமும் அவர் கால்மாட்டிலேயே குவிந்து கிடந்தது. அதற்கப்புறம் லிஸ்ட் எழுதுவதை விட்டுவிட்டேன்.

கரிசல் மருமகள்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். அதலை முடிந்துவிட்டது. பாட்டி இப்போது பச்சை மொச்சை கொண்டுவருகிறார். மலையடிவாரம் சொன்ன மாதிரி ஒன்றைத் தேய்த்து மோந்து பார்த்தேன். பாட்டி, "அட, தேறிட்டே" என்றார்.

தாமிரபரணிக்காரரின் சாக்கு வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடு. சிறுகிழங்கு ஒரு கிலோ, அரிசிக் கடையில் கேட்டு வாங்கிய கோணிச் சாக்கு, மொட்டை மாடி. உருட்டச் சொன்னதை மறந்துவிட்டு, துணி துவைக்கிற மாதிரி ஓங்கித் தரையில் அடித்தேன். நாலாவது அடிக்கு மேல்மாடி வீட்டம்மா படியேறி வந்துவிட்டார். தூங்குகிற குழந்தை எழுந்துவிட்டதாம். என்ன செய்கிறீர்கள் என்று கோபமாகத்தான் ஆரம்பித்தார். சாக்கு வாயைத் திறந்து காட்டினேன். கிழங்கு பாதி நசுங்கியிருந்தது.

அவருக்கு நாகர்கோவிலாம். மூன்று வருஷமாக ஒரே கட்டடத்தில் இருக்கிறோம், எனக்குத் தெரியாது. "இப்படி அடிச்சா மாவுதான் கிட்டும்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, சாக்கை வாங்கி, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தி முன்னும் பின்னும் உருட்டினார். சத்தமே இல்லை. பத்து நிமிஷத்தில் வெள்ளையாகக் கொட்டினார். நசுங்கியதையெல்லாம் தனியாகப் பொறுக்கி, இது குழம்புக்கு ஆகும் என்று என்னிடம் கொடுத்துவிட்டு, முழுசாக இருந்ததில் பாதியைத் தன் முந்தானையில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.