"உண்மையைச் சொன்னா அது கோள் ஆகாது"னு சொன்ன அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி

மலைத்தேனீ:
ரெண்டு நாளா பொறுத்துப் பாத்தேன், முடியல, அதான் எழுதறேன். வியாழக்கிழமை அருவங்காடு அண்ணாச்சி இங்க ஒரு பதிவு போட்டிருந்தார், "உண்மையைச் சொன்னா அது கோள் ஆகாது, அதையே ஜெபத்துக்குன்னு சொன்னா அது ஊழியம்"னு. அதுக்கு நாப்பது பேர் ஆமென் வேற. சரி, எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க. எங்க அண்ணன் கோத்தகிரி பக்கம் ஒரு ஏக்கர் தேயிலை வச்சிருக்கார், மக காலேஜ் பீஸுக்கு வெளிய வட்டிக்கு வாங்கினது வீட்ல நாலு பேருக்குத்தான் தெரியும், அண்ணி மனசு தாங்காம ஒரே ஒரு அக்காகிட்ட சொல்லி அழுதிருக்காங்க. அடுத்த வீட்டு ஜெபக் கூட்டத்துல "இந்தக் குடும்பத்தோட கடன் பாரத்துக்காக பாரத்தோட ஜெபிப்போம்"னு எங்க ஊர் பேரு, வீட்டுக்கு எதிர்ல நிக்கற சில்வர் ஓக் மரம் வரைக்கும் அடையாளம் சொல்லி ஜெபிச்சு முடிச்சாச்சு. திங்கக்கிழமை அண்ணன் இலையைச் சாக்குல கட்டி ரோட்டோரம் வச்சிட்டு நிக்கறார், ஏஜெண்ட் ஜீப் வந்துது, தராசுல மாட்டினான், 62 கிலோ, சீட்டு எழுதிக் குடுத்தான், குடுத்துட்டு இவர் மூஞ்சியப் பாக்காமலே "இந்த மாசம் அட்வான்ஸ் வேணாம்ணே, ஃபேக்டரில யோசிக்கறாங்க"ன்னான். எட்டு வருஷமா அட்வான்ஸ் வாங்கற எடம். அண்ணன் அந்தச் சீட்டை மடிச்சு மடிச்சு மடிச்சு கடைசில ஒரு பட்டாணி அளவுக்கு ஆக்கி கையில வச்சிக்கிட்டே வீடு வந்தார். சொன்னதெல்லாம் உண்மைதான், ஒரு எழுத்து பொய் இல்ல. இது கோளா ஊழியமா அண்ணாச்சி?

அருவங்காடு அண்ணாச்சி:
ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க அண்ணன் குடும்பத்துக்காக வருத்தப்படுதேன். ஆனா வேதத்தை விட்டுட்டு உணர்ச்சிவசப்பட்டுப் பேசக் கூடாது. எபேசியர் 4:15, அன்போட சத்தியத்தைப் பேசணும்னு பவுலடிகளார் எழுதி வச்சிருக்காரு. கடன் வாங்குனது சத்தியமா இல்லையா? அன்போடதான சொன்னாங்க? முடிஞ்சுது. நான் 38 வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கேன், தெரியாம ஒண்ணும் சொல்லல.

ஊட்டி_குளிர்:
38 வருஷத்துல ஒரு தடவையாவது தமிழ் பைபிளைத் திறந்தீங்களா அண்ணாச்சி? எபேசியர் 4:15ல "அன்புடன் சத்தியத்தைக் கைக்கொண்டு"ன்னுதான் இருக்கு. கைக்கொண்டு. பேசுன்னு எங்க இருக்கு? பூதக்கண்ணாடி வச்சுத் தேடிட்டேன், கெடைக்கல.

அருவங்காடு அண்ணாச்சி:
தம்பி இங்கிலீஷ் பைபிளைப் பாரும். கிங் ஜேம்ஸ்ல "ஸ்பீக்கிங் த ட்ரூத் இன் லவ்". ஸ்பீக்கிங்னா பேசுறதுதான? இல்ல உங்க ஊட்டில அதுக்கு வேற அர்த்தமா?

ஊட்டி_குளிர்:
பவுல் இங்கிலீஷ்லயா எழுதினார்? ஓஹோ, புதுத் தகவல்.

கேத்தி அக்கா:
ஏங்க அந்தப் பொண்ணு தன் அண்ணன் கதையை எழுதியிருக்கு, ஒருத்தராவது அதைப் பத்திக் கேட்டீங்களா? நீதிமொழிகள் 11:13 எடுத்துப் பாருங்க. "புறங்கூறித்திரிகிறவன் இரகசியங்களை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்." ரகசியம்னா என்ன, பொய்யா? உண்மையா இருக்கறதாலதான அது ரகசியம்! அப்ப உண்மையைச் சொன்னாலும் அது புறங்கூறறதுதான்னு சாலொமோனே சொல்லிட்டார்.

அருவங்காடு அண்ணாச்சி:
அது பழைய ஏற்பாடு. நான் 4:15 கேட்டேன். ஸ்பீக்கிங்னு இருக்கா இல்லையா? ஒரே கேள்வி.

செமினரி_தம்பி:
ஐயா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். கிரேக்கத்துல அந்த எடத்துல "அலேதெயுவோ"ன்னு ஒரே ஒரு வினைச்சொல்தான் இருக்கு. உண்மை பேசறதுன்னும் எடுக்கலாம், உண்மையா நடக்கறதுன்னும் எடுக்கலாம். புதிய ஏற்பாட்டுல அது ரெண்டே எடத்துலதான் வருது, ஒண்ணு இது, இன்னொண்ணு கலாத்தியர் 4:16. அங்க நம்ம தமிழ் பைபிளே "நான் உங்களுக்குச் சத்தியத்தைச் சொன்னதினாலே உங்களுக்குச் சத்துருவானேனோ?"ன்னு "சொன்ன"ன்னு போட்டிருக்கு.

அருவங்காடு அண்ணாச்சி:
பாத்தீகளா!!! சத்தியத்தைச் சொன்னதினாலே!!! தம்பி நல்லா இரும். ஊட்டிக்காரரு எங்க, சத்தத்தைக் காணோம்?

செமினரி_தம்பி:
ஐயா நான் முடிக்கல. பவுல் கலாத்தியர்கிட்டயே நேரா சொன்னார். கலாத்தியரைப் பத்தி பக்கத்துச் சபைல போய்ச் சொல்லல. அதே எபேசியர் 4ல 29ம் வசனம் இருக்கு, "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்". அந்தக் "கெட்ட"ங்கறது வெறும் தூஷண வார்த்தை மட்டும் இல்ல, மத்தேயு 13:48ல வலையில வந்த ஆகாத மீனைத் தூக்கிப் போடறாங்களே, அந்த மீனுக்கும் அதே சொல்தான். கேக்கறவங்களுக்குப் பிரயோஜனம் உண்டான்னு பாத்துப் பேசுன்னு அந்த வசனமே கணக்கு வச்சிருக்கு.

அருவங்காடு அண்ணாச்சி:
மீன் கதை எதுக்கு? 4:15ல பேசுறதுன்னு நீரே ஒத்துக்கிட்டீரு, அது போதும். இன்னொண்ணும் சொல்லுதேன், 1 கொரிந்தியர் 1:11. உங்களுக்குள்ள வாக்குவாதம் இருக்குன்னு "குலோவேயாளின் வீட்டாரால்" அறிவிக்கப்பட்டதுன்னு பவுல் எழுதுதாரு. அந்தம்மா வீட்டுல உள்ளவங்க போய்ச் சொல்லலன்னா பவுலுக்கு எப்படித் தெரியும்? அவங்களும் கோள்காரங்களா? பதில் சொல்லுங்க.

கேத்தி அக்கா:
யார் சொன்னாங்கன்னு பவுல் பேரைப் போட்டு எழுதியிருக்கார் அண்ணாச்சி. குலோவேயாள் வீட்டுக்காரங்க ஒளிஞ்சு நின்னு "ஒரு குடும்பம் இருக்கு, ஜெபிச்சுக்கோங்க"ன்னு கிசுகிசுக்கல. தீர்த்து வைக்கக்கூடிய ஆள்கிட்ட தைரியமா சொன்னாங்க. இலை ஏஜெண்டோட சம்சாரம் உக்காந்திருந்த கூட்டத்துல சொல்லல.

ஊட்டி_குளிர்:
ஏஜெண்ட் சம்சாரம் அங்க இருந்தாங்களா??? கேத்தி அக்காவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே 😂

கேத்தி அக்கா:
மலைத்தேனீ சொல்லித்தான் தெரியும். அதுக்கு ஏன் சிரிப்பு?

ஃபயர்லைன்:
நான் வனத்துறைல காவலர் வேலை பாக்கறேன், பைபிள் அவ்ளோ தெரியாது, ஆனா யாக்கோபு 3:5 எங்க ஆளுங்களுக்கு மனப்பாடம். "பாருங்கள், சிறிய நெருப்பு எவ்வளவு பெரிய காட்டைக் கொளுத்திவிடுகிறது!" 2024 மார்ச்சுல குன்னூர் பாரஸ்ட் டேல் பக்கம் பிடிச்சது நாள்கணக்கா எரிஞ்சுது, ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் பக்கெட்ல தண்ணி மொண்டு ஊத்த வேண்டியதாப் போச்சு. டிசம்பர் ஜனவரி உறைபனில புல்லு கருகி நிக்கும், அதுக்கப்புறம் ஒரு பீடித்துண்டு போதும். அதனாலதான் தீத்தடுப்புக் கோடு முன்னாடியே வெட்டி வைக்கறோம், தீ வந்தப்புறம் அரிவாள் எடுத்துட்டு ஓடினா ஒண்ணும் நடக்காது. வாயும் அதே மாதிரிதான்னு எனக்குத் தோணுது.

இலைக்கூடை:
காடு எரியறதுக்கு காரணமே கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்). அதை மலை முழுக்க நட்டது யாரு, உங்க டிபார்ட்மெண்ட்தான? இப்ப வந்து யாக்கோபு பேசறீங்க.

ஃபயர்லைன்:
நட்டது வெள்ளக்காரன் காலத்துலேருந்து நடக்குது சார். நானா நட்டேன்? எனக்கு வயசு 29.

இலைக்கூடை:
எங்க ஊருக்குள்ள காட்டெருமை வந்து கேரட் பூராம் மிதிச்சுட்டுப் போனப்ப மனு குடுத்தோம். அதுக்கு இன்னும் பதில் வரல, வசனத்துக்கு மட்டும் பதில் உடனே வருது.

அருவங்காடு அண்ணாச்சி:
திசை திருப்பாதீங்க. 4:15. பேர் சொல்லி ஜெபிச்சா பலன் உண்டு, அதுக்கு நானே சாட்சி. எங்க சபைச் சேகரத்துல சிலோன் லைன்ல ஒரு குடும்பம் குடிச்சே சீரழிஞ்சுட்டு இருந்துது, ஒவ்வொரு வாரமும் பேர் சொல்லி ஜெபிச்சோம், இன்னைக்கு அந்த ஆள் காணிக்கைப் பை பிடிக்கிறாரு.

பந்தலூர்_பையன்:
சிலோன் லைன்னா என்ன அண்ணாச்சி? இலங்கைத் தோட்டத் தமிழங்களை இங்க அனுப்பறதுக்கு 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டதுக்கு எங்க தாத்தா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கேருந்து இந்த மலைக்கு வந்து அரசாங்கத் தேயிலைத் தோட்டமான டான்டீல கொழுந்து பறிச்சார். அவரோட தாத்தா இங்கேருந்து போனவர்தான். நான் பொறந்தது கூடலூர் ஆஸ்பத்திரில. எனக்கு கொழும்பு எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது. இன்னும் நாங்க சிலோன்தானா?

அருவங்காடு அண்ணாச்சி:
தம்பி கோவப்படாதீரும், அந்த இடத்துக்கு அதுதான பேரு. உள்ளதத்தான சொன்னேன்.

பந்தலூர்_பையன்:
உள்ளதத்தான். அதானே உங்க கொள்கை. ஸ்கூல்ல வாத்தியார் வருகை எடுக்கும்போது "ஏய் சிலோன்"னு கூப்பிட்டதும் உள்ளதுதான். அவரும் ஞாயித்துக்கிழமை முதல் வரிசைல உக்காந்து பாமாலை பாடுவார்.

கேத்தி அக்கா:
"துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது." யாக்கோபு 3:10. பைபிள் வேணாம்னா வள்ளுவரைக் கேளுங்க, யாகாவாராயினும் நாகாக்க. 1886ல குறளை இங்கிலீஷ்ல கொண்டு வந்தாரே ஜி.யு.போப், அவரும் பாதிரியார்தான், நம்ம ஊட்டில இருந்து பள்ளிக்கூடம் நடத்தினவர்தான்.

அருவங்காடு அண்ணாச்சி:
போப் ஐயர் எங்க சாயர்புரத்துல செமினரி ஆரம்பிச்சவரு அம்மா. ஊட்டிக்கு அதுக்கப்புறம் வந்தாரு.

ஊட்டி_குளிர்:
வந்துட்டார்ல, அப்ப எங்காளு. சாயர்புரம்காரங்களுக்கு போப்பை விட்டாப் பெருமைப்பட வேற ஒண்ணுமில்ல பாவம்.

அருவங்காடு அண்ணாச்சி:
ஏலே என்ன பேச்சு இது! போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்துல ஒரு முட்டைக்கோஸை 1,500 ரூவாய்க்கு ஏலம் கேட்டுட்டு பணம் கட்டாமப் போன ஆளு யாருன்னு எனக்குத் தெரியும். பேர் சொல்லவா?

ஊட்டி_குளிர்:
சொல்லுங்க, உண்மைதான, அப்ப ஊழியம்தான் 🙏 நான் மறு வாரமே கட்டினேன், ரசீது இருக்கு. கணக்குப் பிள்ளை நோட்ல ஏத்தாததுக்கு நான் என்ன பண்றது? மூடத்தனமா பேசாதீங்க.

இலைக்கூடை:
மூடனேன்னு சொன்னா எரிநரகம், மத்தேயு 5:22. ஜாக்கிரதை.

ஊட்டி_குளிர்:
இயேசுவே பரிசேயரை "மதிகேடரே, குருடரே"ன்னார், மத்தேயு 23:17. நான் மூடத்தனம்னுதான் சொன்னேன், மூடன்னு சொல்லல.

செமினரி_தம்பி:
ரெண்டு எடத்துலயும் கிரேக்கத்துல ஒரே வார்த்தைதான். ஆனா அதுக்கு விளக்கம் என்னன்னா...

அருவங்காடு அண்ணாச்சி:
தம்பி உம்ம விளக்கம் போதும். ஏலக் கதையை ஆரம்பிச்சது நான் இல்ல. நான் வந்ததுலேருந்து கேக்கேன், 4:15ல ஸ்பீக்கிங் உண்டா இல்லையா, ஒருத்தருக்கும் நேராப் பதில் சொல்ல வாய் வரல.

மலைத்தேனீ:
அண்ணாச்சி, மத்தேயு 18:15 உங்களுக்குத் தெரியாததா? "நீயும் அவனும் தனித்திருக்கையில்"னு இருக்கு. தனித்திருக்கையில். எங்க அண்ணன் வீடு ஜெபக் கூட்டம் நடந்த எடத்துலேருந்து பத்து நிமிஷ நடை. ஒருத்தர் வந்து "என்னப்பா கஷ்டம், எவ்ளோ வேணும்"னு கேட்டிருக்கலாம். பத்து பேர் முட்டி போட நேரம் இருந்துது, பத்து நிமிஷம் நடக்க ஒருத்தருக்கும் நேரமில்ல.

அருவங்காடு அண்ணாச்சி:
மத்தேயு 18:15 குற்றம் செஞ்சவனுக்கு. கடன் வாங்குறது குற்றமா? நீங்களே உங்க அண்ணனைக் குற்றவாளி ஆக்குதீங்க. வசனத்தைப் பொருத்தம் பாத்து எடுங்க சிஸ்டர்.

ஊட்டி_குளிர்:
யப்பா சாமி. ஏன் இவ்ளோ வேகமா சப்போர்ட் பண்றீங்க? அந்த ஜெபக் குறிப்பு சொன்னது உங்க வீட்டுலயா?

இலைக்கூடை:
...

பந்தலூர்_பையன்:
அண்ணாச்சி டைப் பண்ணிட்டே இருக்கார் பத்து நிமிஷமா.

அருவங்காடு அண்ணாச்சி:
ஆமா. என் வீட்டுக்காரிதான் சொன்னா. இப்ப என்ன? அவ அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம உபவாசம் இருந்து ஜெபிச்சா, அது இங்க ஒருத்தருக்காவது தெரியுமா? கஷ்டப்பட்ட குடும்பத்துக்காகக் கண்ணீர் விட்டவளைப் போய் கோள்காரின்னு நாலு பேர் பாக்குற இடத்துல எழுதுதீங்களே, இது மட்டும் அன்போட பேசுறதா? அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வந்திருந்தான்னு அவளுக்கு எப்படித் தெரியும், கரண்ட் இல்லாம மெழுகுவர்த்தி வச்சு நடந்த கூட்டம். ஏஜெண்ட் பண்ணதுக்கு அவ பொறுப்பா?

கேத்தி அக்கா:
அவங்க கண்ணீரை யாரும் பொய்னு சொல்லல அண்ணாச்சி. ஒரு வார்த்தை மலைத்தேனீ அண்ணிகிட்ட போய்ப் பேசச் சொல்லுங்க, அவ்ளோதான்.

அருவங்காடு அண்ணாச்சி:
மன்னிப்பா? எதுக்கு? வேதத்துல உள்ளதைச் செஞ்சதுக்கா? முதல்ல 4:15க்குப் பதில், அப்புறம் பேசலாம்.

கேத்தி அக்கா:
நான் மன்னிப்புன்னே சொல்லலியே.

ஃபயர்லைன்:
எனக்கு நைட் டூட்டி, கெளம்பறேன். இலைக்கூடை சார், மனு நம்பர் இருந்தா அனுப்புங்க, ஆபீஸ்ல கேட்டுப் பாக்கறேன்.

இலைக்கூடை:
மனு நம்பரா, அதெல்லாம் குடுத்தாங்கன்னு நெனப்பா உங்களுக்கு.

மலைத்தேனீ:
நான் யாரையும் கோள்காரின்னு எழுதல, மேல போய் வாசிச்சுப் பாருங்க. பேர் கூடப் போடல. இன்னைக்கு அண்ணன் வேற ஏஜெண்டுக்கு இலை போட்டார். கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி, ஆனா அட்வான்ஸ் தர்றேன்னிருக்கான்.

அருவங்காடு அண்ணாச்சி:
கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பாத்தீகளா வழி திறந்துட்டு! எந்த ஏஜெண்ட் சிஸ்டர்? பேரும் ஊரும் போடுங்க, புதன்கிழமை ஜெபத்துல வைக்கச் சொல்லுதேன். 4:15 கேள்வி அப்படியே நிக்குது, மறந்துராதீங்க.