லினக்ஸில் த்ரெட் முன்னுரிமை: நைஸ் போதுமா, ஃபைஃபோ வேண்டுமா?

வணக்கம் நண்பர்களே. லினக்ஸில் ஒலிப்பதிவு செய்யும் சிறு நிரல் ஒன்றை சி மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்). ஒன்று மைக்கிலிருந்து வரும் ஒலியை பஃபரில் போடும், மற்றது அதைச் சுருக்கி வட்டில் எழுதும். கணினி சும்மா இருக்கும்போது சிக்கலே இல்லை. பக்கத்து டெர்மினலில் பெரிய கம்பைல் ஒன்றை ஓடவிட்டால் ஒலி விட்டுவிட்டுப் பதிவாகிறது.

கம்பைலுக்கு நைஸ் மதிப்பு (எண் கூடக்கூட முன்னுரிமை குறையும்) 19 கொடுத்துப் பார்த்தேன். நைஸில் அதற்குக் கீழே போக வழியில்லை, ஆனாலும் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆட்டோகுரூப் (ஒவ்வொரு செஷனின் பிராசஸ்களையும் ஒரு குழுவாக்கி சிபியுவைப் பங்கிடும் கெர்னல் வசதி) இயங்கினால் நைஸ் ஒரே செஷனுக்குள் இருக்கும் பிராசஸ்களுக்கு இடையில்தான் எடுபடும் என்கிறது கையேடு. அதை அணைத்துவிடலாமா, சிகுரூப் (பிராசஸ் குழுக்களுக்கு வளங்களை ஒதுக்கும் வசதி) வழியாகப் பங்கு பிரிப்பது நல்லதா?

அப்புறம் இன்னொன்று, இதுதான் பெரிய குழப்பம். பதிவு செய்யும் த்ரெட்டை மட்டும் ஃபைஃபோ ஷெட்யூலிங்குக்கு (நிகழ்நேர முன்னுரிமை முறை) மாற்ற நினைக்கிறேன். 1 முதல் 99 வரை எந்த எண் கொடுத்தாலும் அது சாதாரண த்ரெட்களை முந்திவிடும், சரி. ஆனால் என் இரண்டு த்ரெட்களும் ஒரே மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பயன்படுத்துகின்றன. சுருக்கும் த்ரெட் பூட்டைப் பிடித்தபடி சிபியு கிடைக்காமல் நின்றால், மற்றதும் சேர்ந்து காத்திருக்க வேண்டியதுதானே? (1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனதும் இந்த மாதிரிச் சிக்கலால்தான். பூட்டு வைத்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை இயக்கித்தான் சரிசெய்தார்கள்.) பிதிரெட் (சியில் த்ரெட்களுக்கான நூலகம்) மியூடெக்ஸிலும் அந்த வசதி உண்டு. அது போதுமா, பூட்டே இல்லாத ரிங் பஃபருக்கு (முடிவுக்கு வந்ததும் தொடக்கத்திலிருந்து மறுபடி நிரப்பும் பஃபர்) மாறுவதுதான் முறையா? ஆடியோ நிரல் எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.