முற்றத்துத் தேக்குத் தூண்களின் அடிப்பகுதி இற்றுப்போகிறது: என்ன பூசலாம்?

கேள்வி:
காரைக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் முற்றத்தில், சாரல் படும் இரண்டு தேக்குத் தூண்களின் அடிப்பகுதி கறுத்து, திருப்புளியால் குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு மென்மையாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன்பு தரையை உயர்த்தி டைல்ஸ் பதித்தபோது தூண்களைச் சுற்றிலும் சிமெண்டு பூசினார்கள். ஐப்பசி மழைக்கு முன்பாக எனாமல் பெயிண்டோ தாரோ அடித்தால் போதுமா? தேக்கு இற்றுப்போகாது என்றல்லவா சொல்வார்கள்?

மறுமொழி 1:
எதையும் பூசுவதற்கு முன்னால் அந்தச் சிமெண்டை உடைத்து எடுத்துவிடுங்கள். மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. மரத்தின் ஈரப்பதம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வளராது. தூணின் பக்கங்கள் நனைந்தாலும் காற்றுப்பட்டுக் காய்ந்துவிடும். ஆனால் இழைகள் முடியும் அடிவெட்டு, பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும் என்பதால், அதைச் சுற்றிச் சிமெண்டு இருந்தால் புகுந்த நீர் வெளியேற வழியே இல்லை. பழைய வீடுகளில் தூணுக்கு அடியில் கல் வைத்ததன் பயன் இதுதான். தரையை உயர்த்தியபோது உங்கள் அடிக்கல் புதைந்துவிட்டதா என்று தோண்டிப் பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை வழிமொழிகிறேன். எனாமல் வேண்டவே வேண்டாம். வெடிப்பு வழியாக நுழையும் நீரை அந்தப் படலம் உள்ளேயே அடைத்துவைக்கும். உத்தரத்துக்கு உறுதியாக முட்டுக் கொடுத்து, இற்ற பகுதியை நல்ல மரம் தெரியும்வரை அறுத்தெடுத்து, வைரம் பாய்ந்த தேக்குத் துண்டை ஒட்டுப்போட்டு, தரைமட்டத்துக்கு மேல் நிற்கும் புதிய கல்லின்மீது நிறுத்தச் சொல்லுங்கள். இது அனுபவமுள்ள தச்சர் செய்ய வேண்டிய வேலை. பொருத்துவதற்கு முன் அடிவெட்டில், பூஞ்சையைத் தடுக்கும் போரான் உப்புகளான போராக்ஸ், போரிக் அமிலம் கலந்த கரைசலை ஊறவிட்டு, நன்கு காய்ந்தபின் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். போரான் உப்பு மழைநீரில் கரைந்து போகும் என்பதால், சாரல் படும் இடத்தில் அதன்மேல் எண்ணெய்ப் பூச்சு அவசியம். அந்த எண்ணெயையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

மறுமொழி 3:
தேக்கைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு: நீடித்து உழைப்பது அதன் வைரப்பகுதி, அதாவது நடுவிலுள்ள அடர்நிற மரம் மட்டுமே. அதைச் சுற்றிப் பட்டைக்கு அடுத்து இருக்கும் வெளிர்நிறப் பகுதியான வெளிறு, எந்த மரத்தின் வெளிறையும் போல, எளிதில் இற்றுவிடும். ஒட்டுப்போட வாங்கும் துண்டில் வெளிர்நிற விளிம்பு தெரிந்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.