சிவப்பைப் பச்சையாக்கியது சரியா?

முற்றத்துநிலா:
‘சிவப்பு மாடக் கனவு’ என்ற சீன நாவலை ஆங்கிலத்தில் படிக்கக் கேட்டால் எல்லோரும் டேவிட் ஹாக்ஸ் மொழிபெயர்ப்பைத்தான் (முதல் தொகுதி 1973) சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாயகன் பாவ்யூ வசிக்கும் வீட்டின் சீனப் பெயரில் சிவப்பு உண்டு. ஹாக்ஸ் அதைப் பச்சையாக்கிவிட்டார். பௌத்தம் ஊறிய சீன வழக்கில் இந்த உலக வாழ்க்கைக்குப் பெயரே ‘சிவப்புத் தூசி’. கடைசியில் பாவ்யூ மொட்டைத் தலையும் வெறுங்காலுமாகப் பனியில் வந்து அப்பாவை நான்கு முறை வணங்குகிறான். துறவி, ஆனாலும் மகன். அப்போதும் போர்த்தியிருப்பது சிவப்பு. நடுவில் பச்சை வந்தால் இழை அறுந்துவிடாதா?

படகுத்துறை:
பனிக் காட்சி 120ஆம் அத்தியாயம். கடைசி 40 அத்தியாயங்கள் நாவலாசிரியர் ட்சாவ் ஷுவேச்சின் எழுதியவைதானா என்பதே தீராத வழக்கு. சீனர்களுக்குச் சிவப்பு தரும் இளமையையும் வசந்தத்தையும் ஆங்கிலத்தில் பச்சையோ பொன்னிறமோதான் தரும் என்று ஹாக்ஸ் முன்னுரையிலேயே சொல்லி, இதில் இழப்பு உண்டென்றும் ஒப்புக்கொண்டார். அப்புறம், விருந்தில் லியு பாட்டி என்ற கிராமத்துக் கிழவி தன் பெருந்தீனியைப் பற்றிப் பாட்டுக் கட்டும் இடம்! ஒருத்தி வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிடுகிறாள், பாவ்யூ சிரித்துப் புரண்டு தன் சொந்தப் பாட்டி மடியில் விழுகிறான். ஹாக்ஸ் அந்தப் பாட்டை எதுகையோடு தந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

முற்றத்துநிலா:
சிரிப்பு சரி. அதே லியு பாட்டி, ‘முயல்வது மனிதன் கையில், முடிவது வானத்தின் கையில்’ என்கிறாள். ஹாக்ஸ் அங்கே ‘காட்’ (God) என்று போட்டார். இதே நாவலை ஆங்கிலத்தில் தந்த யாங் சியான்யி, கிளாடிஸ் யாங் தம்பதி ‘ஹெவன்’ (வானம்) என்றே விட்டார்கள். கன்பூசியஸ் காலத்திலிருந்து வரும் அந்த வானத்துக்குள் தேவாலயம் ஏன் வரவேண்டும்?

படகுத்துறை:
நாமே ‘நாம் ஒன்று நினைக்க தெய்வம் ஒன்று நினைக்கும்’ என்றுதானே எழுதியிருப்போம்? கிராமத்துப் பாட்டி வாயில் பழமொழி பழமொழியாக வரவேண்டும்.

முற்றத்துநிலா:
நம் ‘தெய்வம்’ குலதெய்வம் வரை இறங்கி வரும். ‘காட்’ அப்படி இல்லை. சரி, அதை விடுகிறேன். ஆனால் கடைசி 40 அத்தியாயங்களை ஒதுக்கினாலும் முதல் அத்தியாயம் இருக்கிறதே? ட்சாவ் பத்து ஆண்டுகள் உட்கார்ந்து ஐந்து முறை திருத்திய அறைக்கு அங்கே சொல்லும் பெயர் ‘சிவப்புக்குத் துக்கம் காக்கும் அறை’. ஹாக்ஸில் அது ‘நாஸ்டால்ஜியா’ அறை, அதாவது பழைய நினைவுக்கு ஏங்கும் அறை.

படகுத்துறை:
அந்த இடத்தில் எனக்கும் மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் முதன்முறை படிப்பவருக்கு ஹாக்ஸைத்தான் கொடுப்பேன்.