வானிலை வரைபடத்துக்குக் ‘காற்றம்பு’

நண்பர்களுக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான நம் வானிலைச் சொல்லடைவில் (கலைச்சொல் பட்டியலில்) சேர்க்க வேண்டிய ஒரு சொல் பற்றி எழுதுகிறேன்.

வானிலை வரைபடத்தில் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்ட, வானிலை நிலையத்தைக் குறிக்கும் வட்டத்திலிருந்து ஒரு கோடு நீண்டு, அதன் வெளிமுனையில் சின்னச் சின்னக் கோடுகள் சாய்வாக ஒட்டியிருக்குமே, அதை ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது? ‘வளிமுள்’, ‘காற்று முட்கோடு’ என்ற இரண்டும் ‘wind barb’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேரானவைதான். ஆனால் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முள் என்றதும் கடிகார முள்தான் நினைவுக்கு வரும். கடிகார முள் தன் நுனியால் காட்டும். அதே பழக்கத்தில், கோடு நீளும் பக்கம் காற்று போகிறது என்று படித்துவிடும். உண்மை நேர் எதிர்: கோடு நீண்டிருக்கும் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது.

அதனால்தான் ‘காற்றம்பு’ என்கிறேன். அம்பில் இறகு இருப்பது வால் பக்கம். இந்தக் குறியிலும் அப்படியே: இறகுகள் வெளியே, முனை வட்டத்தில். மேற்கே இறகு இருந்தால் மேற்கிலிருந்து பறந்து வந்து வட்டத்தில் தைத்த காற்று. பெயரே படிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. நம் பழைய பெயர்களும் காற்று வரும் திசையை வைத்தே அமைந்தவை: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்த நான்கையும் வரைந்து காட்டிவிட்டால் திசைக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

‘காற்றம்பு’ கிடைத்தால் அதன் உறுப்புகளுக்கும் சொல் தேட வேண்டியதில்லை. முழு இறகு 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்), அரை இறகு 5 நாட். ஒரு முழு இறகும் ஓர் அரை இறகும் இருந்தால் 15 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கூட்டத் தெரிந்த பிள்ளை படித்துவிடும். ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். அரை இறகு தனியாக வரும்போது அதைக் கோட்டின் கடைசியில் வரையமாட்டார்கள். கொஞ்சம் உள்ளே தள்ளி வரைவார்கள், முழு இறகோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக. பாடப்படத்தை வரைபவர் இதைத் தெரியாமல் கடைசியில் ஒட்டிவிட்டால் பிள்ளை 5-ஐ 10 என்று படிக்கும்.

50 நாட் வேகத்தைக் குறிக்கும் நிரப்பிய முக்கோணத்துக்குக் ‘கொடி’ என்ற சொல் போதும். ‘முக்கோணம்’ வேண்டாம் என்று அழுத்தியே சொல்கிறேன். குளிர் வளிமுகத்தின் (முன்னேறி வரும் குளிர்காற்றின் எல்லையின்) நீலக் கோட்டிலும் முக்கோணங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரே படத்தில் ஒரே சொல் இரண்டு பொருளுக்கு வரக் கூடாது. காற்றே இல்லாத இடத்தில் அம்பு வராது, வட்டத்தைச் சுற்றி இன்னொரு வட்டம் வரும். அதற்கு ‘அமைதி’ என்றே சொல்லிவிடலாம்.

‘காற்றிறகு’ என்ற யோசனையும் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உறுப்பின் பெயர். முழுக் குறிக்கு வைத்தால், ‘காற்றிறகில் எத்தனை இறகு?’ என்று கேட்க வேண்டிவரும்.

ஒரு நியாயமான மறுப்பு எழலாம். தொலைக்காட்சிப் படங்களில் கூர்முனையோடு ஓடும் அம்புக்குறிகளையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள், அவையும் காற்றம்புதானே என்று. அவற்றைக் ‘காற்றோட்டக் கோடு’ என்று பிரித்துச் சொல்லலாம். அவை பாதையைக் காட்டுகின்றன. காற்றம்பு ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்த காற்றைச் சொல்கிறது.

அப்புறம், இறகு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது. காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், வடகோளத்தில் இறகுகள் இடப்பக்கம், தென்கோளத்தில் வலப்பக்கம். இரண்டிலுமே அது தாழ்வழுத்தம் இருக்கும் பக்கம். ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் கோட்டுக்குச் சமஅழுத்தக் கோடு என்ற சொல் ஏற்கெனவே நன்றாகப் புழங்குகிறது, அதைத் தொட வேண்டாம். ஆனால் அந்தக் கோடுகளைக் கற்பிக்கும் முன்பே, இறகுகளை மட்டும் வைத்துத் தாழ்வழுத்தம் எந்தப் பக்கம் என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லலாம். சொல்லடைவில் ‘இறகுப் பக்கம்’ என்று ஒரு பதிவையும் சேர்த்துவிடுங்கள்.