புதுப்பிப்பு: நீலத்தாடி ஹேடிஸ் தலை

அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்த கிரேக்கச் சுடுமண் தலையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அது இத்தாலியின் சிசிலித் தீவில் இருந்துதான் போனது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்குத்தான் இது.

பதில் தாடியில் இருக்கிறது. பாதாள உலகக் கடவுள் ஹேடிஸின் தலை அது, தாடி முழுக்கச் சின்னச் சின்னச் சுருள்கள், அதில் நீல வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிசிலியில் மொர்கன்டினா என்ற பழைய கிரேக்க நகரத்தின் டிமீட்டர் (தானியங்களின் தெய்வம்) கோயில் பகுதியை 1970களில் திருடர்கள் குடைந்து தள்ளினார்கள். அவர்கள் விட்டுப்போனதில் கிடைத்த உடைசல்களில் நீலச் சுருள்களும் இருந்தன. பல வருடம் அவை யாருடையவை என்றே தெரியாமல் கிடந்தன. இத்தாலிய ஆய்வாளர்கள் அவற்றைக் கெட்டியின் தலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், அவை அந்தத் தாடியிலிருந்து உடைந்தவை என்ற விஷயம் வெளியே வந்தது.

கெட்டி இதை வாங்கியது 1985இல், நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து, சுமார் 5 லட்சம் டாலருக்கு. 2013 ஜனவரியில் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள், ஆனால் தலை ஊர் போய்ச் சேர 2016 ஆகிவிட்டது. சரி, அறிவிக்கவாவது செய்தார்களே.

இப்போது மொர்கன்டினாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அய்தோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1988இல் கெட்டி 1.8 கோடி டாலருக்கு வாங்கி 2011இல் திருப்பிக் கொடுத்த பெரிய தேவி சிலையும் அங்கேதான். அப்புறம், ஹேடிஸ் டிமீட்டரின் மகள் பெர்சிஃபனியைக் கடத்திப்போனதாகக் கதை சொல்லும் பெர்குசா ஏரியும் அந்த வட்டாரம்தான், கடத்தியவரையே கடத்திவிட்டார்கள்!