மகளிர் ஸ்டேஷன்ல உக்காந்து பாக்குற கவுன்சிலர் வேலை, எடுக்கலாமா?

மதுரக்காரி:
எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி மேல்படிப்பு) முடிச்சுட்டு ஒரு தொண்டு நிறுவனத்துல இருக்கேன். இப்ப மகளிர் போலீஸ் ஸ்டேஷன்லயே உக்காந்து, குடும்ப வன்முறைன்னு வர்ற பொண்ணுங்களுக்கு கூட நிக்கிற வேலை ஒண்ணு வந்திருக்கு, தேவப்பட்டா போலீஸோட வீட்டுக்கும் போகணுமாம். என் பயம் என்னன்னா அங்க ஏற்கனவே பாதி நடக்குறது பஞ்சாயத்துதான், "புள்ளைங்க மொகத்த பாத்து அனுசரிச்சு போம்மா"ன்னு ஒரு சிஎஸ்ஆர் (புகார் வந்ததுக்கு ரசீது மட்டும், எஃப்ஐஆர் இல்ல) போட்டு எழுதி வாங்கி அனுப்பிடுறாங்க, நாளைக்கு அதையே என் வாயால சொல்ல வெச்சுருவாங்களோன்னு இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

தாராவி தம்பி:
மும்பைல இது பழசு அக்கா. 1984லயே டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்காரங்க போலீஸோட சேர்ந்து கமிஷனர் ஆபீஸ்ல ஸ்பெஷல் செல்னு ஆரம்பிச்சாங்க, அப்புறம் மகாராஷ்டிரா கவர்மெண்டே எடுத்து பல மாவட்டத்துக்கு கொண்டு போச்சு. என் சித்தி அதுல இருந்தவங்க. புகார் குடுத்த பொண்ணோட புருஷன கூப்பிட்டு பேசுவாங்கதான், ஆனா பேச்சு "அடிக்கிறத நிறுத்து"ங்கறதுலதான் ஆரம்பிக்கும், சேர்ந்து வாழுறதா வேணாமாங்கறது அந்த பொண்ணு முடிவு. போலீஸ் துணையோட மாமியார் வீட்டுக்கு போய் நகை, சர்டிபிகேட், புள்ளையோட துணிமணி எல்லாம் எடுத்து குடுக்கறதும் உண்டு, தனியா போனா கதவே தொறக்க மாட்டானுங்க. நீங்க முதல்ல கேக்க வேண்டியது உங்களுக்கு சம்பளம் யாரு, ரிப்போர்ட் யாருக்கு. இன்ஸ்பெக்டருக்குன்னா யோசிங்க.

ரிட்டயர்டு எஸ்ஐ:
சும்மா போலீஸையே திட்டாதீங்கப்பா. 1992ல சென்னை ஆயிரம் விளக்குல தமிழ்நாட்டோட முதல் மகளிர் ஸ்டேஷன் வந்தப்ப ஊரே பெருமையா பேசுச்சு, அதுக்கப்புறம் பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, போக்சோன்னு எல்லாத்தையும் எங்க தலைல கட்டிட்டு ஒரு பொண்ணோட ஒரு மணி நேரம் உக்காந்து பேச நேரம் எங்க இருக்கு? அதனால இந்த மாதிரி ஆள் வந்தா எனக்கு சந்தோஷம்தான். ஆனா குடிச்சுட்டு அருவாளோட நிக்கிறவன் வீட்டுக்குள்ள நீ முதல்ல போகக்கூடாதும்மா, நாங்க அவன வெளிய கொண்டு வந்தப்புறம் நீ உள்ள போ. அவன் இருக்கும்போது அவ வாய் தொறக்கவும் மாட்டா, "வழுக்கி விழுந்துட்டேன்"னுதான் சொல்லுவா.

மெல்போர்ன் மாமி:
இங்க ஆஸ்திரேலியால விக்டோரியா மாநிலத்துல போலீஸ் குடும்ப வன்முறைன்னு ஒவ்வொரு வாட்டி போனாலும் எல்17னு ஒரு ஃபார்ம் போட்டாகணும், அது சப்போர்ட் சர்வீஸுக்கு போயிடும், அவங்களே அந்த பொண்ண தேடி போன் பண்ணுவாங்க. 2016ல குடும்ப வன்முறைய விசாரிச்ச ராயல் கமிஷன் (அரசு விசாரணைக் குழு) 227 பரிந்துரை குடுத்தப்புறம் இதுக்கெல்லாம் நெறைய காசு இறக்குனாங்க. சில ஏரியால அந்த வொர்க்கர் போலீஸ் டீம்லயே உக்காந்திருப்பா, சண்டை அடங்குனப்புறம் அவளும் போலீஸுமா வீட்டுக்கு போவாங்க. நம்ம பொண்ணுங்களுக்கு இங்கயும் ஒரு சிக்கல், இங்கிலீஷ் வராதுன்னு புருஷனையே மொழிபெயர்க்க விட்டா கதை முடிஞ்சுது.

மதுரக்காரி:
எஸ்ஐ அம்மா, 2005 குடும்ப வன்முறை சட்டத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஏற்கனவே இருக்காங்களே, அப்ப நான் எதுக்குன்னு கேப்பாங்களே?

ரிட்டயர்டு எஸ்ஐ:
அவங்க ஒரு ஆள், மாவட்டம் மொத்தமும் பாக்கணும். நீ குடும்ப சம்பவ அறிக்கை (அவளுக்கு நடந்த வன்முறைய பதிவு பண்ற ஃபார்ம்) எழுத உதவி பண்ணி அவங்க கைல சேத்துடு, வீட்ட விட்டு துரத்தக்கூடாதுன்னு மாஜிஸ்ட்ரேட் கிட்ட வசிப்பிட உத்தரவு கேக்கலாம், பாதுகாப்பு உத்தரவு வாங்கிட்டு அவன் மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். இது பாதி பேருக்கு தெரியாது, ஸ்டேஷன்ல சொல்லவும் மாட்டாங்க, நான் சர்வீஸ்ல இருந்தப்பவே பாத்திருக்கேன். ராத்திரில போக எடம் இல்லன்னா பெண்கள் உதவி எண் 181க்கு அடி, ஒன் ஸ்டாப் சென்டர்னு பாதிக்கப்பட்ட பொண்ணுங்களுக்கான அரசு மையத்துல தங்க வைக்கலாம்.

தாராவி தம்பி:
வேலை ஆர்டர்ல "கவுன்சிலிங்"னு மட்டும் போட்டிருந்தா கையெழுத்து போடாதீங்க அக்கா. பொண்ணோட தனியா பேச ஒரு ரூம் வேணும்னு எழுத்துல கேளுங்க, புகார் எழுதுற ரைட்டர் டேபிள் பக்கத்துல ஸ்டூல் போட்டு குடுத்தா யாரும் எதையும் சொல்ல மாட்டாங்க.